இருபது புள்ளி ஒன்பது

சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் எது நடந்தாலும் டீச்சர்கள் இரண்டு பேர் இருந்தாக வேண்டும் என்பது எங்கள் ஹெச்.எம். போட்ட சட்டம். வேதியியல் மன்றத்துக்கு ஒரு ஆள் கெமிஸ்ட்ரி டீச்சர். இன்னொரு ஆள் யார் என்று பேச்சு வந்தபோது ஸ்டாஃப் ரூமில் இருந்த பதினேழு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் தையல் டீச்சர். ஊசியும் நூலும் இருந்தால் போதும், இவளை எங்கே உட்கார வைத்தாலும் வேலை ஓடும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. லேபும் என் தையல் அறையும் அடுத்தடுத்தவை. நடுவில் ஒரே சுவர், அதன் உச்சியில் ஒரு வெண்டிலேட்டர். அங்கே எதைக் காய்ச்சினாலும் என் பிள்ளைகள்தான் முதலில் இருமுவார்கள். இருமுவதை அங்கேயே போய் இருமித் தொலைக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

லேபைப் பார்த்துக்கொள்கிறவள் லேப் அக்கா. பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். என் வீட்டுக்குக் கீழ் வீடு அவளுடையது. கணவர் தானிய மொத்தக் கடையில் எடை போடுகிறவர், தராசுக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். ஒரே மகள், எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு. கேட்டைத் தாண்டிவிட்டால் மகளும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மா போட்ட கட்டளை அது.

"இங்க வந்து அம்மா அம்மான்னு நின்னேன்னு வெச்சுக்கோ, நாளைக்கு நீ வாங்கற ஒவ்வொரு மார்க்கையும் அம்மா வாங்கிக் குடுத்ததும்பாங்க. ஊரோட சேர்ந்து அக்கான்னே கூப்பிடு."

முதல் ஒரு மாதம் அந்தப் பெண் அம்மாவும் வராமல் அக்காவும் வராமல் "ஏங்க" என்று கூப்பிட்டுப் பள்ளிக்கூடத்தையே சிரிக்க வைத்தாள். அப்புறம் பழகிவிட்டது.

மகளுக்கு மன்றத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் சொட்டு. அளவுக்கோடு போட்ட ப்யூரெட் குழாயைத் திறந்தால் அவள் ஒவ்வொரு சொட்டாகத்தான் விடுவாள். மற்றவர்கள் மூன்று தடவை செய்து முடித்து, நோட்டை மூடி, டிபன் டப்பாவையும் திறந்திருப்பார்கள். சொட்டு அப்போதுதான் இரண்டாவது தடவைக்குக் குடுவையைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

லேப் அக்கா காலை ஏழரைக்கே வந்துவிடுவாள். ஜன்னல்களைத் திறந்து நேற்றைய வாடையை வெளியே விடுவாள். குடுவைகளைக் கழுவிக் கவிழ்ப்பாள். பிறகு கரைசல்கள். ஆக்ஸாலிக் அமிலம் பார்ப்பதற்குக் கற்கண்டு மாதிரி இருக்கும். அதைத் தராசில் ஆறு புள்ளி மூன்று கிராம் நிறுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைப்பாள். காரத்தை உத்தேசமாகக் கரைத்து, அந்த அமிலத்தோடு வைத்துப் பார்த்து, அமிலம் இருபது மில்லிக்குக் காரமும் இருபது மில்லி வருகிற வரைக்கும் தண்ணீரோ காரமோ சேர்த்துச் சரிசெய்வாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எட்டு வருஷமாக எந்த வகுப்பும் கரைசல் இல்லாமல் நின்றதில்லை. எட்டு வருஷமாக அவள் தற்காலிகம்தான். இந்த வருஷம்தான் ஹெச்.எம். மனசு வைத்து, நிரந்தரம் ஆக்கச் சொல்லி ஃபைல் தயார் பண்ணியிருந்தார். மாசக் கடைசியில் நடத்தை அறிக்கையோடு மேலே போக வேண்டும். அதில் ஒரு குறை ஏறினாலும் ஃபைல் அப்படியே திரும்பி வந்துவிடும்.

லேப் அக்காவின் பெருமை எல்லாம் எடைப்பெட்டியில் இருந்தது. மரப்பெட்டி, உள்ளே பள்ளம் பள்ளமாக வெல்வெட், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு பித்தளை எடை. அவற்றைக் கையால் தொடக் கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். பிள்ளைகள் கேட்பார்களா? விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப் போகும். லேப் அக்காவுக்குக் கறுப்பைக் கண்டால் ஆகாது. மாசத்துக்கு ஒரு தடவை எலுமிச்சைத் தோலும் சாம்பலும் வைத்து அத்தனை எடைகளையும் தேய்த்துக் கழுவித் துணியில் ஒற்றி அடுக்குவாள். யார் பார்வையிட வந்தாலும் ஹெச்.எம். அந்தப் பெட்டியைத்தான் முதலில் திறப்பார். "பாருங்க, தங்கம் மாதிரி இருக்கா?" என்பார். ஒரு எலக்ட்ரானிக் தராசும் எங்களுக்கு வந்தது, வந்த வருஷ மழையிலேயே கண்ணை மூடிவிட்டது. ஆகவே எல்லாம் அந்தப் பெட்டிதான்.

இந்த வருஷம் மன்றத்துக்கு ஒரு வேலை வந்தது. ஒரு கல்லூரியிலிருந்து பல பள்ளிகளுக்கு அமில பாட்டில் ஒன்று அனுப்பினார்கள். அதன் செறிவு லேபிளிலேயே இருக்கும், எங்கள் ஆக்ஸாலிக்குக்குக் கணக்குப் போடுகிற அதே செறிவு. அதில் இருபது மில்லி எடுத்தால், நம் பள்ளிக் காரம் எத்தனை மில்லி பிடிக்கிறது என்று பார்த்து ஒரே ஒரு அளவை எழுதி அனுப்ப வேண்டும். யாருடைய அளவு போகிறதோ, அது சரியாகவும் இருந்தால், அந்தப் பெண்ணுக்கு லீவில் கல்லூரி லேபிலேயே மூன்று வாரப் பயிற்சி. பாட்டிலைக் கொண்டுவந்த ஆள் போகும்போது கெமிஸ்ட்ரி டீச்சரிடம் நம் காரத்தில் ஒரு சின்ன பாட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. என் கவனம் பாவாடை நாடாவில் இருந்தது.

முதல் சனிக்கிழமை மூன்று பேர் செய்தார்கள். சொட்டு, அவள் வகுப்புத் தோழிகள் கண்ணாடி, நெட்டை. கண்ணாடி போட்டவள் கண்ணாடி, உயரமானவள் நெட்டை. பெயர் வைப்பதில் எங்கள் பிள்ளைகள் ரொம்ப யோசிப்பதில்லை. மழை பிடித்துக்கொண்டது. கரும்பலகையே வியர்த்திருந்தது.

"இருபது, டீச்சர்," என்றாள் கண்ணாடி.

"எனக்கும் இருபது," என்றாள் நெட்டை.

சொட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினாள். 20.9, 20.9, 20.9.

கெமிஸ்ட்ரி டீச்சர் கண்டிப்பானவர். ஆனால் கத்துகிறவர் இல்லை. கேள்வியாகக் கேட்டே ஆளை உரித்துவிடுவார்.

"பிப்பெட்ல கடைசிச் சொட்டை ஊதித் தள்ளினியா?"

"இல்ல டீச்சர். குடுவையைத் தொட்டு மட்டும் எடுத்தேன்."

"அளவை நேராப் பார்த்தியா, இல்ல கீழ இருந்து அண்ணாந்து பார்த்தியா?"

"ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன்."

"ப்யூரெட்டைக் காரத்தால கழுவினியா? உள்ள தண்ணி நின்னா இப்படித்தான் கூட வரும்."

"ரெண்டு வாட்டி கழுவினேன் டீச்சர்."

"அப்புறம் எப்படி?"

"தெரியல. ஆனா வருது."

டீச்சர் நோட்டை மூடினார். "நம்ம காரம் நம்ம ஆக்ஸாலிக்கோட வருஷா வருஷம் சரியா இருபது வருது. காலேஜ்காரங்க தப்பா அனுப்ப மாட்டாங்க. ரெண்டு பேருக்கு இருபது வந்திருக்கு. மூணாவது ஆளுக்கு வரலைன்னா கையிலதான் கோளாறு. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் டைம். வந்தா பார்க்கலாம். வரலைன்னா இவங்க ரெண்டு பேர்ல ஒருத்தரோட அளவைப் போட்டு அனுப்பிடுவேன்."

"டீச்சர், இருபதுன்னு எழுதணுமா, இருபது வரணுமா?"

நான் ஊசியை நிறுத்திவிட்டேன். கெமிஸ்ட்ரி டீச்சர் முகம் சிவந்துவிட்டது. "வரணும்," என்றார்.

கழுவுதொட்டி அருகே லேப் அக்கா குடுவை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. மகள் திட்டு வாங்கும்போதெல்லாம் அவள் குழாயைக் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிடுவாள். இது எனக்கு மட்டும் தெரியும்.

அந்த வாரம் முழுக்க சொட்டு பள்ளி விட்டதும் லேபுக்கு வந்தாள். தினம் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு. கல்லூரி அமிலம் குறைந்துகொண்டே வந்தது. 20.9. 20.8. 20.9. வீட்டிலும் விடவில்லை. மருந்துக்கு வாங்கிய சொட்டுக்குழாயை வைத்துக்கொண்டு டம்ளரில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கையைப் பழக்கினாள்.

"ஏண்டி, கண்ணாடி மாதிரி நீயும் இருபதுன்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்டே விட்டேன்.

"வரலையே அத்தை."

"வராததை எழுதினா கை வலிக்குமா?"

"வலிக்காது. ஆனா காலேஜுக்குப் போனா அங்க தினமும் செய்யணும். தினமும் பொய் எழுத முடியுமா?"

வாயாடி. என்னிடம்தான் இந்த வாயெல்லாம். அம்மாவிடம் பேச்சே குறைந்து போயிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோகிறாள் என்று லேப் அக்கா மாடிப்படியில் நின்று என்னிடம் புலம்பினாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நானும் கீழேதான் சாப்பிட்டேன். மழையில் துணி காயாமல் வீட்டுக்குள் குறுக்கே கொடி கட்டியிருந்தார்கள். ஈர யூனிபாரத்துக்கு அடியில் குனிந்து குனிந்துதான் சோற்றுப் பானையிடம் போக வேண்டும். சோறு, பருப்பு, ஆளுக்கு ஒரு அவித்த முட்டை. தராசுக்காரர் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கு முத்திரை போடற அதிகாரி வந்தாரு டீச்சர். என்னோட ரெண்டு கிலோ கல்லைத் தூக்கி ஓரமா வெச்சுட்டாரு. செல்லாதாம்."

"ஏன், என்ன ஆச்சு?"

"தேஞ்சு போச்சாம். முப்பது கிராம் குறையுதாம். தரையில இழுத்து இழுத்து வெக்கறோமா, அதுல போயிருக்கு. இரும்பு டீச்சர்! இரும்பே தேயுதுன்னா பாத்துக்கோங்க."

"உங்க கைக்குத் தெரியலையா? இருபது வருஷமா தூக்கறீங்க."

"தினமும் தூக்கறவனுக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் கொஞ்சமாத்தானே போகுது. பார்க்கறதுக்குப் பளபளன்னு இருந்துச்சு, நல்ல கல்லுன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்."

லேப் அக்கா பருப்பு ஊற்ற வந்தவள் கரண்டியைத் தூக்கியபடியே நின்றாள். பருப்பு கரண்டியிலிருந்து அவர் முழங்காலில் சொட்டியது. "அடியே, தட்டு இங்க இருக்கு," என்றார் அவர். அவள் காதில் விழவில்லை.

மறுநாள் காலை என் கதவைத் தட்டினாள். "டீச்சர், கடைத்தெரு நகைக்கடைக்காரர் உங்களுக்குத் தெரிஞ்சவர்தானே? ஒரு எட்டு வர்றீங்களா?"

அவர் மனைவிக்கு நான்தான் ரவிக்கை தைக்கிறேன். சாயங்காலம் போனோம். கடையில் கூட்டம் இல்லை. லேப் அக்கா முந்தானையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து ஐந்து கிராம் எடையைக் கண்ணாடி மேஜையில் வைத்தாள். விளக்கு வெளிச்சத்தில் அது அவர் கடை நகையைவிட நன்றாக மின்னியது.

"இதை உங்க மெஷின்ல வெச்சுப் பாருங்க."

4.78 என்று காட்டியது.

"இன்னொரு வாட்டி வைங்க."

4.78.

ஒரு கிராம் எடை 0.94 காட்டியது. நகைக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "என்னம்மா இது? இதை வெச்சு நான் யாவாரம் பண்ணியிருந்தா இந்நேரம் எனக்கு விலங்கு மாட்டியிருப்பாங்க."

அவள் கூடையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். "இதுல சரியா ஆறு புள்ளி மூணு கிராம் நிறுத்துக் குடுங்க."

"கற்கண்டா?"

"ஐயோ, வாயில போட்டுடாதீங்க! விஷம்."

அவர் பிடித்த வேகத்தில் கையை எடுத்துக்கொண்டார். அப்புறம் அவளே காகிதத்தில் கொட்டி நிறுத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"எட்டு வருஷம் டீச்சர். என் கையாலேயே தேய்ச்சிருக்கேன். என்னோட ஆக்ஸாலிக் குறைச்சல். அதோட ஒத்துப் போகணும்னு காரத்தையும் குறைச்சு குறைச்சு வெச்சிருக்கேன். ரெண்டும் ஒரே மாதிரி குறைஞ்சதால யாருக்கும் தெரியல. வெளியிலிருந்து ஒரு சரியான பாட்டில் வந்ததும் நம்ம காரம் கூடுதலாப் பிடிச்சு, தெரிஞ்சு போச்சு. அவ கை சரி டீச்சர். அவ கை மட்டும்தான் சரி."

நான் அப்போது சொன்னதை மறைக்கப் போவதில்லை. "இதோ பாரு, யாரும் செத்துப் போகல. ரெண்டும் ஒத்துப் போனதால எந்தப் பொண்ணுக்கும் மார்க் போகல. சரியான எடையில புதுசாக் கலந்து வை. காரத்தை அதோட ஒத்துப் பார்த்துடு. சனிக்கிழமை உன் பொண்ணுக்கு இருபது வரும், காலேஜுக்குப் போவா. மாசக் கடைசியில உன் ஃபைலும் போகும். எடைப்பெட்டியை அப்புறம் மெதுவா மாத்திக்கலாம். வாயை மூடிட்டு இரு."

"அவ கையில கோளாறுன்னு சொல்லிட்டாங்களே."

"இருபது வந்துட்டா அந்தப் பேச்சே போயிடும்."

அவள் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெண்டிலேட்டர் வழியாகக் கண்ணாடிக்கோல் குடுவையில் இடிக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஹெச்.எம். நேரிலேயே வந்துவிட்டார். அளவை எழுதி அனுப்பும் படிவத்தில் அவர் கையெழுத்து வேண்டும். பேனாவோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ம், ஆரம்பி," என்றார் கெமிஸ்ட்ரி டீச்சர்.

சொட்டு ஆரம்பித்தாள். கழுவினாள், நிரப்பினாள், இருபது மில்லி அமிலத்தைக் குடுவையில் எடுத்தாள். இரண்டு சொட்டு பினாப்தலீன், அமிலம் தீர்ந்ததும் சிவந்து காட்டுகிற மருந்து. குடுவை தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. காரம் விழவிழ அடியில் இளஞ்சிவப்பு தோன்றித் தோன்றி மறைந்தது. பத்தொன்பது தாண்டியதும் எல்லோரும் மேஜையைச் சுற்றி நெருங்கினார்கள். இருபதில் ஒரு சொட்டு விழுந்தது. நிறம் மறையாமல் நின்றது.

"இருபது!" என்று நெட்டை கத்தினாள்.

"பார்த்தியா? கைதான்னு சொன்னேன்ல," என்றார் கெமிஸ்ட்ரி டீச்சர். அவருக்கே பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. "எழுது."

சொட்டு எழுதவில்லை. குடுவையைப் பார்த்தாள். காரப் பாட்டிலைப் பார்த்தாள். அப்புறம் அலமாரிக்குப் போய் ஒரு இருமல் மருந்து பாட்டிலை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். அதில் காகிதம் ஒட்டித் தேதி எழுதியிருந்தது.

"டீச்சர், இது போன வாரக் காரம் இல்ல."

"என்ன பேசற?"

"செஞ்சு முடிச்சதும் கொஞ்சம் எடுத்துத் தேதி போட்டு வைக்கணும்னு நீங்கதான் மன்றத்துல சொன்னீங்க. இது போன சனிக்கிழமை எடுத்தது. வியாழக்கிழமை வரைக்கும் எனக்கு இருபது புள்ளி ஒன்பது. இன்னிக்கு இருபது. ரெண்டு நாள்ல என் கை மாறாது டீச்சர். பாட்டில்தான் மாறியிருக்கு."

ஹெச்.எம். பேனாவை மூடினார். கெமிஸ்ட்ரி டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்த லேப்ல பாட்டிலைத் தொடறது ஒரே ஒரு ஆள்தான். யாரைச் சொல்றேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

சொட்டு இருமல் மருந்து பாட்டிலை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள். "தெரிஞ்சுதான் டீச்சர்," என்றாள்.

என் விரலில் ஊசி ஏறிவிட்டது. இந்தப் பெண்ணை ஓங்கி அறையலாம் போல இருந்தது எனக்கு. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

குழாய் நின்றது. லேப் அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். எடைப்பெட்டியை எடுத்து ஹெச்.எம். முன்னால் வைத்தாள்.

"நாந்தான் மேடம் மாத்தினேன். இந்த எடைங்க குறையுது. அஞ்சு கிராம் நாலு புள்ளி ஏழு எட்டுதான் இருக்கு. நான் தேய்ச்சுத் தேய்ச்சே கரைச்சிருக்கேன். எட்டு வருஷமா நம்ம கரைசல் எல்லாமே குறைச்சல். அவ கண்டுபிடிச்சுட்டா. அது வெளிய தெரியக் கூடாதுன்னு நேத்து புதுசாக் கலந்து வெச்சேன்."

"அப்படிப் பண்ணச் சொன்னது நான்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஹெச்.எம். பெட்டியைத் திறந்தார். எடைகள் வழக்கம் போல மின்னின. "எலுமிச்சங்காய் போட்டா தேய்ச்ச? நான் வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டிட்டிருந்தேனேம்மா!" என்றார். கோபப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் குரல் மாறியது. "சரி. இப்ப பாட்டில்ல இருக்கறது சரியான காரம்தானே? இருபது வருதுதானே? இருபதுன்னே அனுப்பிடலாம். இதுல என்ன பொய்?"

"முடியாது மேடம்," என்றார் கெமிஸ்ட்ரி டீச்சர். "நம்ம காரத்துல ஒரு பாட்டில் அன்னிக்கே காலேஜுக்குப் போயிடுச்சு. அவங்க கையில இருக்கறது பழசு. அதோட ஒத்துப் பார்ப்பாங்க, இருபதுன்னு எழுதினா முதல்லயே தூக்கிப் போட்டுடுவாங்க."

பாவாடை நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்த பாட்டில்! லேப் அக்கா அப்போது ஸ்டோரில் இருந்தாள், அவளுக்கும் தெரியாது. நான் போட்ட திட்டம் நடந்திருந்தால் அந்தப் பெண்தான் முழுகியிருப்பாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"டீச்சர்," என்று நெட்டை கையைத் தூக்கினாள். "போன வாரம் எனக்கும் இருபது புள்ளி எட்டு வந்துச்சு."

"அப்புறம் ஏன் இருபதுன்னு எழுதின?"

"சீனியர் அக்கா ரெக்கார்டுல இருபதுன்னு இருந்துச்சு. அவங்க என்னைவிட நல்லாப் படிப்பாங்க."

கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை.

கெமிஸ்ட்ரி டீச்சர் ஹெச்.எம். பக்கம் திரும்பினார். "கேள்வியெல்லாம் சொட்டுகிட்ட கேட்டேன். இவங்க ரெண்டு பேர்கிட்ட ஒண்ணுகூடக் கேக்கல," என்றார். கல்லூரி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பழைய காரத்தை வெச்சு, எங்க எல்லார் கண் முன்னாலயும் ஒரு தடவை செய்யணும். மேடமும் பார்க்கணும். அமிலம் இன்னும் ஒரு பிப்பெட்டுக்குத்தான் இருக்கு. தப்பினா அவ்வளவுதான். சொட்டு, நீ செய்யறியா?"

சொட்டு கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. "இன்னிக்கு நிக்காது டீச்சர்."

"நான் பண்றேன்," என்றாள் லேப் அக்கா.

"நீயா?" என்றார் ஹெச்.எம்.

"எட்டு வருஷமாக் காரத்தைச் சரிபார்க்கறது இவங்கதான் மேடம். நோட்டுல ஏறினதில்ல, அவ்வளவுதான்," என்றார் கெமிஸ்ட்ரி டீச்சர்.

ஹெச்.எம். அவளையே பார்த்தார். "யோசிச்சுக்கோம்மா. இது எழுத்துல ஏறிடுச்சுன்னா உன் அறிக்கையில நான் எழுதித்தான் ஆகணும். எழுதாம விட எனக்கு வழி இல்ல. ஃபைல் திரும்பி வந்தா என்னைக் கேக்கக் கூடாது."

"எழுதுங்க மேடம்."

அவ்வளவுதான் சொன்னாள். வளையலை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டாள். இருமல் மருந்து பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி ப்யூரெட்டைக் கழுவினாள், மீதியை நிரப்பினாள், கீழே விட்டுச் சரியாகப் பூஜ்யத்தில் நிறுத்தினாள். கடைசி அமிலத்தைப் பிப்பெட்டில் உறிஞ்சி விரலால் மூடிக் குடுவையில் விட்டாள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. இடது கை திருகில், வலது கை குடுவையில். குடுவை ஒரே சீராகச் சுற்றியது.

பத்து. பதினைந்து. பதினெட்டு. அங்கிருந்து சொட்டுச் சொட்டாக விட்டாள். மகள் எங்கே கற்றுக்கொண்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இருபதில் நிறுத்தினாள். குடுவையைச் சுவரின் வெள்ளைக்கு முன்னால் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். தெளிவான தண்ணீர். நிறமே இல்லை. இத்தோடு நிற்கக் கூடாதா என்று என் மனசு அப்போதும் கேட்டது, வெட்கம் கெட்ட மனசு.

அவள் மறுபடி திருகைத் தொட்டாள். ஒரு சொட்டு, சுற்றினாள். இன்னொன்று. இருபது புள்ளி நான்கு. ஆறு. ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் சிவந்து, சுற்றியதும் காணாமல் போனது. புள்ளி எட்டில் சிவப்பு கொஞ்சம் தயங்கிவிட்டுப் போனது. அவள் அடுத்த சொட்டை விட்டாள். சுற்றினாள். நிறம் நின்றது.

அவள் குனிந்து, அளவுக்கு நேராகக் கண்ணை வைத்து, பார்வையிட வந்தவர்களிடம் சொல்வது மாதிரி உரக்கச் சொன்னாள்.

"இருபது புள்ளி ஒன்பது."

கெமிஸ்ட்ரி டீச்சர் தானும் குனிந்து பார்த்தார். ஹெச்.எம்.மையும் பார்க்கச் சொன்னார். பிறகு படிவத்தில் சொட்டின் பெயருக்கு நேரே அந்த அளவை எழுதினார். கீழே எடை குறைந்த விவரத்தை எழுதி, எடைப்பெட்டியை வருஷா வருஷம் சரிபார்க்காதது தன் தவறு என்று தன் பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அதை அவர் யாரிடமும் படித்துக் காட்டவில்லை, நான்தான் எட்டிப் பார்த்தேன். ஹெச்.எம். அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் திறந்தார்.

சொட்டு லேப் நோட்டை எடுத்துவந்தாள். தேதி போட்டாள், அளவை எழுதினாள். செய்தவர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் தன் அம்மாவின் பெயரை இனிஷியலோடு முழுசாக எழுதினாள். எட்டு வருஷ நோட்டில் அந்தப் பெயர் அதுவரை ஏறியதில்லை. எழுதி முடித்து நோட்டைக் கழுவுதொட்டிக்குக் கொண்டுபோனாள். லேப் அக்கா அதற்குள் குடுவையைக் கழுவ ஆரம்பித்திருந்தாள்.

"அம்மா, இங்க ஒரு கையெழுத்து போடு."

பள்ளிக்கூடத்துக்குள் அப்படிக் கூப்பிடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். லேப் அக்கா அவளைத் திருத்தவில்லை. குழாயை மூடி, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.